சுப்பர்வைசரின் நீண்ட விடுமுறை

ரதி அன்றைக்குப் பொய் சொல்வதென்று வீட்டிலிருந்து புறப்படவில்லை. வாயில் கத்தரிக்காய்ப் பால்கறி இருந்தது. கேள்வி வந்தது. பதினெட்டு வருடமாகச் சொல்லிப் பழகிய பதில் தானாக வெளியே வந்து விழுந்தது.

கனடாவில், மார்க்கம் வீதியில் ஒரு மண்டபம். புருசன் ஜெயரட்ணத்தின் பெரியப்பா வழியில் ஒரு பிள்ளை பெரியவளானதற்குச் சாமத்தியவீடு. மேடையில் பிள்ளை மூன்றாவது சேலையை மாற்றி வந்து, கமராக்காரன் காட்டிய பக்கமெல்லாம் திரும்பிக்கொண்டிருந்தது. வட்ட மேசையில் எதிரே இருந்த பிரதீபா இரண்டு வாய்ச் சோற்றுக்கு நடுவில் கேட்டாள்.

“ரதியக்கா, நீங்கள் இப்பவும் அந்த ஷாம்பூக் கொம்பனியிலைதானே?”

“ஓமோம், அங்கைதான். வேறை எங்கை போறது?”

பக்கத்தில் இருந்த ஜெயரட்ணம் தண்ணீர்ப் போத்திலைத் திறந்து தேவைக்கு அதிகமான நேரம் குடித்தார். அவருக்குத் தெரியும். அந்தக் கொம்பனி தை மாதத்தோடு ஸ்காபரோவில் இருந்த தன் கட்டடத்தைப் பூட்டிக்கொண்டு கியூபெக் பக்கம் போய்விட்டது. ரதி வீட்டில் இருக்கத் தொடங்கி ஒரு மாதம் ஆகப்போகிறது.

வேலை போனது அவளுடைய பிழையால் அல்ல. அது அவளுக்கும் தெரியும். ஆனாலும் இந்தச் சனத்துக்குள் ஒருவரைக் கண்டால் சுகம் விசாரித்த கையோடு வருவது “இப்ப எங்கை வேலை?” என்பதுதான். அதற்கு ஒரு கொம்பனியின் பெயரைச் சொல்லிவிட்டால் கதை அடுத்த இடத்துக்குப் போய்விடும். பெயர் இல்லாவிட்டால் எல்லாரும் கரண்டியை வைத்துவிட்டு முகத்தைப் பார்ப்பார்கள். அந்தப் பார்வைக்கு ரதி ஐம்பத்திரண்டு வயதில் தயாராக இல்லை.

பொய் அத்தோடு நின்றிருந்தால் பாதகமில்லை. ஆனால் அவளுக்கு இடது பக்கத்தில் நிலாணி இருந்தாள்.

நிலாணி ஜெயரட்ணத்தின் ஒன்றுவிட்ட தம்பியின் மனைவி. முப்பத்திநாலு வயது. கனடாவுக்கு வந்து இன்னும் ஒரு வருடம் ஆகவில்லை. புருசனும் ஐந்து வயது மகனும் ஊரில். அகதியாக விண்ணப்பித்திருந்தாள்; வேலை செய்வதற்கான அனுமதி அப்போதுதான் கைக்குக் கிடைத்திருந்தது. மல்வேணில் தெரிந்தவர்களின் நிலக்கீழ் அறை ஒன்றில் இருந்தாள். அந்த வீட்டுக்காரருக்குப் பாரமாக இருக்கிறோம் என்பதால், கேட்காமலே அவர்களுடைய உடுப்பையும் மடித்துவைக்கிற பெண்.

“அக்கா,” என்றாள் மெல்ல, “உங்கடை இடத்திலை ஆள் எடுக்கினமோ?”

அந்த இடத்தில் ஒரு “இல்லை” போதும். ரதிக்கு அந்த முகத்தைப் பார்த்து அது வரவில்லை.

“சுப்பர்வைசரிட்டைச் சொல்லி வைக்கிறன். றெசுமேயை எனக்கு அனுப்பிவிடும்.”

அன்று இரவே வட்ஸ்அப்பில் வந்தது. மேலே சேலை கட்டிய படம். கீழே தகப்பன் பெயர், சமயம், திருமணமானவர், அடையாள அட்டை இலக்கம். கடைசிப் பக்கத்தில் இவர் நன்னடத்தை உள்ளவர் என்று கிராம சேவகர் கொடுத்த கடிதம். ரதியின் மகள் அட்சயா, பல்கலைக்கழகத்தில் மூன்றாம் வருடம், எட்டிப் பார்த்தாள்.

“அம்மா, திஸ் இஸ் நொட் எ றெசுமே. இது கலியாணத்துக்குக் குடுக்கிற பேப்பர்.”

“சிரியாதை. எங்கடை ஊரிலை அப்பிடித்தான் கேக்கிறவை.”

“இங்க ஏஜ், றிலிஜன், போட்டோ ஒண்டும் போடக்கூடாது. வன் பேஜ். வட் கான் யூ டூ, அவ்வளவுதான்.” அவள் அங்கேயே இருந்து அதைத் திருத்தத் தொடங்கினாள். நிலாணி ஊரில் ஒரு தையல் நிலையத்தில் ஒன்பது பேரைப் பார்த்துக்கொண்டவள் என்பது மூன்றாம் பக்கத்தின் அடியில், கிராம சேவகரின் கடிதத்துக்கு முன்னால் ஒளிந்துகிடந்தது. அட்சயா அதைத் தூக்கி மேலே வைத்தாள். பிறகு நிமிர்ந்து, “சரி, இதை எங்கே குடுக்கப்போறீங்கள்? உங்கடை கொம்பனி க்ளோஸ்ட்,” என்றாள்.

ரதி தேத்தண்ணி வைக்கப் போய்விட்டாள்.

அடுத்த கிழமையிலிருந்து நிலாணி தொலைபேசி எடுத்தாள். ஒவ்வொரு திங்கட்கிழமையும், ஆறு மணிக்குப் பிறகு, “அக்கா வேலையாலை வந்து களைச்சுப்போய் இருப்பியள், ஒரு நிமிசம்தான்” என்று தொடங்குவாள். ரதி முதல் தடவை, சுப்பர்வைசர் டெனிஸ் லீவில் என்றாள். இரண்டாம் தடவை லீவை நீட்டிவிட்டார் என்றாள். மூன்றாம் தடவை வேறு வழியில்லாமல் டெனிஸின் தாய்க்குச் சுகமில்லாமல் போனது. நிலாணி அந்தத் தாய்க்காகக் கோயிலில் ஒரு அர்ச்சனை செய்வதாகச் சொன்னாள்.

“தயவுசெய்து அந்த மனுசியைச் சாக்காட்டிப் போடாதை,” என்றார் ஜெயரட்ணம். “பிறகு பிரேதத்தைப் பார்வைக்கு எங்கை வைச்சிருக்கினம் எண்டு கேப்பாள்.”

“பகிடி விடாதேங்கோ. நான் என்ன செய்யிறது?”

“உண்மையைச் சொல்லன்.”

“நீங்கள் சொல்லுவியளே? அண்டைக்கு மண்டபத்திலை தண்ணியெல்லோ குடிச்சனியள்.”

ஜெயரட்ணம் எழும்பி முன்னறைக்குப் போனார். கிடங்கொன்றில் சாமான் தூக்கும் போர்க்லிப்ட் ஓட்டும் மனிதர். சண்டை என்று வந்தால் பின்னுக்கு எடுப்பதில் அவருக்கு நல்ல பழக்கம்.

இதற்கிடையில் ரதியும் வேலை தேடிக்கொண்டுதான் இருந்தாள், கள்ளமாய். பகலில் மகளின் கணினியில் விண்ணப்பங்கள் அனுப்பினாள். எல்லாவற்றுக்கும் ஒரே றெசுமே, அதில் வேலை அனுபவம் என்ற இடத்தில் ஒரே வரி. கோயிலுக்குப் போவதை நிறுத்தினாள். தமிழ்க் கடைக்குப் போகாமல் சீனக் கடையில் மரக்கறி வாங்கினாள். அங்கே முருங்கைக்காய் இல்லை என்பதைத் தவிர ஒரு குறையும் இல்லை. வேலைகள் வாய் வழியாக நடமாடுகிற இடங்களையெல்லாம் விட்டு இப்படித் தானே விலகி நிற்கிறோம் என்பது அவளுக்கு அப்போது உறைக்கவில்லை. அவளுக்கு அந்த ஷாம்பூக் கொம்பனி வேலையே ஒரு செத்தவீட்டில் தேத்தண்ணி குடிக்கும்போது கிடைத்ததுதான். ஜெயரட்ணத்தின் மச்சான் சொன்னார், அவள் போய் நின்றாள், டெனிஸ் கேட்ட ஒரே கேள்வி திங்கட்கிழமை வரமுடியுமா என்பதுதான்.

சித்திரை பிறந்து சில நாளில், மழையும் குளிருமான ஒரு காலை, நிலாணியின் அழைப்பு வந்தது. திங்கட்கிழமையும் இல்லை, ஆறு மணியும் இல்லை.

“அக்கா, நீங்கள் உள்ளுக்கையோ நிக்கிறியள்?”

“எதுக்குள்ளை?”

“கொம்பனிக்குள்ளை. நான் வெளியிலை நிக்கிறன். இங்கிலீஷ் வகுப்பிலை ரீச்சர் சொன்னவ, நேரிலை போய் றெசுமேயைக் குடுத்தா நல்லதெண்டு. மூண்டு பஸ் மாறி வந்தனான். இஞ்சை கேற் பூட்டியிருக்கு, வாடகைக்கு எண்டு பலகை போட்டிருக்கு. உங்களுக்கு ஒண்டும் நடக்கேல்லையே? பயமாக் கிடக்கு அக்கா.”

ரதி குசினியில் அடுப்பை அணைத்தாள். அந்தப் பெண் ஏமாந்துவிட்டோம் என்று நினைக்கவில்லை. ரதிக்கு ஏதோ நடந்துவிட்டதென்று பயந்துகொண்டு நிற்கிறாள்.

“நிலாணி, அங்கையே நில்லும். மழை படாமல் நில்லும். நான் வாறன்.”

தொழிற்சாலைக்கு எதிரே இருந்த பஸ் தரிப்பிடத்தில் நிலாணி நின்றாள். றெசுமே நனையாமல் இருக்க அதைப் பிளாஸ்ரிக் பையில் சுற்றி கோட்டுக்குள் வைத்திருந்தாள். தலை நனைந்திருந்தது. காரில் ஏறியதும் ரதி ஹீற்றரைக் கூட்டினாள். காரை எடுக்கவில்லை.

“எனக்கு வேலை இல்லை நிலாணி. தை மாதமே போட்டுது. மண்டபத்திலை அண்டைக்குச் சும்மா வாயிலை வந்தது. பிறகு எடுக்க முடியேல்லை.”

கண்ணாடி துடைப்பான்கள் போய் வந்தன.

“அப்ப டெனிஸின்ரை அம்மா?” என்று கேட்டாள் நிலாணி.

“அந்த மனுசி இருக்கிறாவோ இல்லையோ எண்டுகூட எனக்குத் தெரியாது.”

நிலாணியின் வாய் சிரிப்பதற்குப் போய், பாதியில் வேறு மாதிரி ஆனது. முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். குற்றம் சொல்லாத குரலில், “போன வெள்ளி ஒரு லோண்டரியிலை வரச்சொல்லிக் கேட்டவை அக்கா,” என்றாள். “ஹோட்டல் விரிப்புகள் தோய்க்கிற இடம். நீங்கள் சொல்லி வைச்சிருக்கிறியள், மாறிப் போனா உங்களுக்கு மரியாதை இல்லையெண்டு நான் மாட்டன் எண்டிட்டன்.”

ரதிக்கு அந்த இடத்தில்தான் நெஞ்சில் போய்த் தைத்தது. இவ்வளவு நாளும் அது தன் மானத்தைக் காப்பாற்ற வைத்திருந்த பொய் என்று நினைத்திருந்தாள். அதன் செலவை இன்னொருத்தி கட்டியிருக்கிறாள்.

“எங்கை அந்த லோண்டரி?”

“பிஞ்ச் வீதியிலை. இனி எடுத்திருப்பினம் அக்கா.”

“எடுத்தா எடுக்கட்டும். கேட்டுப் பாப்பம். தலையைத் துடையும்.”

லோண்டரியின் முன்னறையில் நீராவியும் சவர்க்கார மணமும். மேசைக்குப் பின்னால் மெலிண்டா என்ற பிலிப்பைன்ஸ்காரி, வேலையாட்களைப் பார்ப்பவள். நிலாணி வாசலிலேயே நின்றுவிட்டாள். தனக்கென்று ஒரு இடத்திலும் வாய் திறக்காத ரதி நேரே மேசைக்குப் போனாள். இவள் போன வெள்ளி இங்கே வேலை வேண்டாம் என்று சொன்னவள், அது என்னுடைய பிழை, நான் பொய்யாக ஒரு வேலை இருப்பதாகச் சொல்லி வைத்திருந்தேன் என்று தன் உடைந்த ஆங்கிலத்தில் சொன்னாள். மெலிண்டா பேனையை வைத்துவிட்டு நிமிர்ந்தாள். இவளுடைய வேலை எப்படி என்று தெரியுமா என்று கேட்டாள். தெரியாது என்றாள் ரதி. ஆனால் இன்றைக்கு இந்த மழையில் பூட்டிக் கிடக்கிற தொழிற்சாலைக்கு மூன்று பஸ் பிடித்துப் போனவள். உங்கள் இடம் திறந்துதானே இருக்கிறது, நேரத்துக்கு வருவாள் என்றாள்.

மெலிண்டா சிரித்துவிட்டாள். பிளாஸ்ரிக் பையிலிருந்து வந்த ஒற்றைப் பக்கத்தை வாசித்தாள். ஒன்பது பேரை நீயா பார்த்தாய் என்று நிலாணியைக் கேட்டாள். யெஸ், என்றாள் நிலாணி, தையல், வெட்டு, எல்லாம். ஒரு இடம்தான் மிச்சம் இருக்கிறது, நாளைக்கு வந்து செய்து காட்டு என்றாள் மெலிண்டா. பிறகு ரதியைப் பார்த்து, நீ எங்கே வேலை செய்கிறாய் என்றாள்.

“நோவெயார்,” என்றாள் ரதி. “ஐ லுக்கிங்.”

வாய்விட்டு முதல் தடவை சொல்கிறாள். சொன்ன பிறகு மேசையும் நீராவியும் இருந்தபடியே இருந்தன.

அன்று பின்னேரம் ஒரு பிளாஸ்ரிக் கதிரையை இழுத்துப் போட்டு இருந்துகொண்டு, தான் பொய் சொன்ன ஆட்களுக்கெல்லாம் தொலைபேசி எடுத்தாள். பிரதீபாவில் தொடங்கினாள்.

“எனக்கு வேலை இல்லை பிரதீபா. அண்டைக்குப் பொய் சொன்னனான். தேடுறன். சாப்பாடு, பக்கிங், ஒழுங்கா நேரம் தாற எந்த இடமெண்டாலும் சரி, பகல் சிப்ற் வேலையெண்டா நல்லது. கேள்விப்பட்டாச் சொல்லும்.”

மறுபக்கத்தில் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. “ரதியக்கா,” என்றாள் பிரதீபா குரலைத் தாழ்த்தி, “எங்கடை இவரும் மார்கழியிலை இருந்து வீட்டிலைதான். காலமை வெளிக்கிட்டு லைப்ரரிக்குப் போறார். ஒருத்தருக்கும் சொல்லாதேங்கோ.”

“நீர் எல்லாருக்கும் சொல்லும் பிள்ளை. சொல்லாட்டி ஆர் சொல்லப்போயினம் எங்கை ஆள் எடுக்கினமெண்டு?”

மூன்றாவது அழைப்பில், மாமி முறையான ஒருவரின் மருமகள், ஒரு முதியோர் இல்லக் குசினியில் ஆள் தேடுகிறார்கள் என்ற கதையைச் சொன்னாள்.

இரவு சாப்பாட்டுக்குப் பிறகு அட்சயா கணினியைத் திறந்தாள். “ஓகே அம்மா. எயிட்டீன் இயர்ஸ். என்ன செய்தனீங்கள்?”

“போத்திலுக்கு மூடி போட்டனான். பெரிசா ஒண்டுமில்லை.”

“பெரிசா ஒண்டுமில்லை எண்டு இன்டர்வியூவிலை சொன்னா தே வில் பிலீவ் யூ. புதுசா வந்த ஆக்களுக்கு ஆர் பழக்கினது?”

“நாங்கள்தான்.”

“நாங்கள் எண்டா ஆர்?”

ரதி யோசித்தாள். “…நான்தான்.”

“தாங்க் யூ. லேபல் பிழையெண்டா ஆர் லைனை நிப்பாட்டினது?”

அதுவும் அவள்தான். பக்கம் மெல்ல நிறைந்தது. ஜெயரட்ணம் பின்னால் நின்று வாசித்துவிட்டு, “உவ்வளவு கெட்டிக்காரியோடையோ நான் இவ்வளவு காலமும் இருந்தனான்,” என்றார். ரதி திரும்பி முறைத்தாள். ஆனால் அவர் பகிடியாகச் சொல்லவில்லை.

உங்களைப் பற்றிச் சொல்லக்கூடிய ஒருவரின் பெயரும் இலக்கமும் வேண்டும், அவரிடம் முதலில் கேட்டுவிட்டுத்தான் போடவேண்டும் என்றாள் மகள். ரதி கியூபெக்கில் இருந்த டெனிஸின் இலக்கத்தைத் தேடித் தொலைபேசி எடுத்தாள். அவர் குரலைக் கேட்டதும் அவளுக்கு முதலில் வாயில் வந்தது, உங்கள் அம்மா சுகமா என்பதுதான். டெனிஸ் குழம்பிப்போனார். தாய் தான் சிறுவனாக இருக்கும்போதே கயானாவில் இறந்துவிட்டாரே என்றார். ரதி மன்னிப்புக் கேட்டாள், எதற்கென்று அவருக்குப் புரியவில்லை. பெயரைத் தாராளமாகப் போடு, எப்போது வேண்டுமானாலும் எடுக்கச் சொல் என்றார்.

முதியோர் இல்லத்திலிருந்து நேர்முகத்துக்கு வரச்சொன்னார்கள். அதற்கு முந்திய ஞாயிறு நிலாணி வந்தாள். லோண்டரியில் அவளை வேலைக்கு எடுத்துவிட்டார்கள். வெந்நீரும் காரமும் பட்டுக் கைகள் சிவந்திருந்தன. வந்தவள் கதிரையில் இருக்கவில்லை. “அக்கா, வாங்கோ, பஸ்ஸிலை ஒருக்கால் போய்ப் பாப்பம். கார் அண்டைக்கு ஸ்ராட் ஆகாட்டி?”

“விசரே உமக்கு? இவர் கொண்டுபோய் விடுவார்.”

“நான் பூட்டின கேற்றுக்குப் போனனான் அக்கா. நீங்கள் திறந்த இடத்தைப் பாத்துப்போட்டு வாங்கோ.”

போனார்கள். முதியோர் இல்லத்தின் பின்பக்கக் கதவு, குசினிக்காரர் போய்வரும் வழி, பஸ் நிற்கும் இடம். திரும்பும்போது நிலாணி கேள்விகள் கேட்டுக்கொண்டே வந்தாள், தனக்கு மெலிண்டா கேட்டவை, வகுப்பில் சொன்னவை. ரதி தமிழில் பதில் சொல்ல, அதை இருவருமாய் ஆங்கிலத்தில் தேடினார்கள். முன் இருக்கையில் இருந்த ஒரு வெள்ளைக்கார மூதாட்டி இடையில் ஒரு சொல்லை எடுத்துக் கொடுத்தார்.

நேர்முகத்தில் ரதியிடம் ஏன் பழைய வேலையை விட்டாய் என்று கேட்டார்கள். விடவில்லை, கொம்பனி போய்விட்டது என்றாள். விழுங்கக் கஷ்டப்படுபவர்களுக்கு உணவை எந்தப் பதத்தில் அரைப்பது என்று தெரியுமா என்று கேட்டார்கள். ஒரு கணம், தெரியும் என்ற சொல் நாக்கு நுனியில் வந்து நின்றது. ரதி அதை விழுங்கினாள். தெரியாது, ஒரு தரம் காட்டுங்கள், நான் எழுதி வைத்துக்கொள்வேன் என்றாள். வீட்டுக்கு வந்ததும் நன்றி சொல்லி இரண்டு வரி அனுப்ப வைத்தாள் அட்சயா. ஒன்பது நாள் ஒரு சத்தமும் இல்லை. பத்தாம் நாள் ரதியே தொலைபேசி எடுத்துக் கேட்டாள். வேலைக்கு வரச்சொல்லி நாங்கள் இன்றைக்கு உங்களைக் கூப்பிடத்தான் இருந்தோம் என்றார்கள். அது உண்மையோ மரியாதைக்கோ, அவள் அதைப் பற்றி யோசிக்கவில்லை.

இப்போது ரதி காலைச் சிப்ற். தலையில் வலை, காலில் வழுக்காத சப்பாத்து. அரைத்த கரட்டைக் கரட்டின் வடிவத்திலேயே திரும்ப அச்சில் வைத்துக் கொடுப்பார்கள் என்று ஜெயரட்ணத்திடம் சொன்னாள். “அப்பிடியே எனக்கும் ஒருநாள் செய்,” என்றார் அவர். நிலாணி சில வெள்ளிக்கிழமைகளில் வந்து குசினிக் கதவடியில் நிற்பாள், இருவரும் ஒரே பஸ்ஸில் போவார்கள். மகனின் படங்களைக் காட்டிக்கொண்டு வருவாள். அவளுடைய அகதி விசாரணைக்கு இன்னும் திகதி வரவில்லை.

ஆனி மாதக் கடைசியில் அல்பேட் என்பவர் தொலைபேசி எடுத்தார். பிரதீபாவின் புருசனுக்குத் தெரிந்தவர், ரதியைவிட நாலைந்து வயது மூத்தவர், அச்சகம் ஒன்றில் வேலை போய்விட்டது.

“பிள்ளை, உங்கடை குசினியிலை ஆள் எடுக்கினமோ?”

“தெரியாது அண்ணை. நாளைக்குக் கேட்டு நாளைக்கே சொல்லுறன்.”

மறுநாள் கேட்டாள். இடம் இல்லை என்றார்கள். பத்து மணி இடைவேளையில், சாமான் இறக்கும் கதவடியில் நின்று அவருக்குத் தொலைபேசி எடுத்தாள்.

“அல்பேட் அண்ணை, இப்ப இடமில்லையாம். புரட்டாதிக்கு முதல் எடுக்கமாட்டினமாம். என்னை நம்பிக்கொண்டு இருக்காதேங்கோ.”

“நல்லது பிள்ளை,” என்றார் அவர். “நாலு பேரிட்டைக் கேட்டனான். நாலு பேரும் சொல்லி வைக்கிறன் எண்டவை. இல்லையெண்டு சொல்ல ஒருத்தரும் திருப்பி எடுக்கேல்லை.”

“வேறை எங்கை குடுத்திருக்கிறியள்? றெசுமேயிலை வயது போட்டிருக்கிறியளோ?”

“போட்டிருக்கு. படமும் கிடக்கு.”

ரதி ஒரு வெறும் பால்பெட்டியைக் காலால் இழுத்துக் கவிழ்த்து அதில் இருந்தாள். “எடுத்துவிடுங்கோ. அச்சகத்திலை என்ன செய்தனியள் எண்டு சொல்லுங்கோ பாப்பம்.”

“பெரிசா ஒண்டும்…”

“அதைச் சொல்லாதேங்கோ அண்ணை. முதல்லை இருந்து சொல்லுங்கோ.”